மீதி நாட்கள்

மார்ச் 3
காலையில் பீரியட்ஸ் வந்துவிட்டது. இந்த முறை ரத்தம் வரும் நாட்களோடு நிறுத்தப் போவதில்லை. மீதி நாட்களில் என்ன கசிகிறது, எப்போது மாறுகிறது என்று எழுதி வைக்கப் போகிறேன். சின்னவள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

மார்ச் 5
சின்ன மகள் தன் உள்ளாடையை அழுக்குக் கூடையின் அடியில், டீஷர்ட்டுக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்தாள். விரித்துப் பார்த்தேன். நடுவில் காய்ந்து மஞ்சளான ஒரு தடம், விளிம்பில் கொஞ்சம் மொடமொடப்பு. திரும்பச் சுருட்டி அப்படியே வைத்துவிட்டேன். குளியலறைச் சோப்பு இப்போதெல்லாம் சீக்கிரம் கரைகிறது.

மார்ச் 8
நின்றுவிட்டது. துடைத்தால் ஒன்றுமில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இன்னும் ஏறவில்லை, இந்த வறட்சி இயல்புதான்.

மார்ச் 9
தூக்கம் வரவில்லை. அவளுக்கு 11 வயது. டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டேன். முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பே வெள்ளைப்படத் தொடங்கும், சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்க ஆரம்பித்ததன் அடையாளம் அது, அரிப்பு, எரிச்சல், நாற்றம், ரத்தம் எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம் என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவளுக்கு? ஒளித்து வைக்கிறாள் என்றால், தன் உடம்பில் ஏதோ அசிங்கமாக நடக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். பள்ளியில் மாதவிடாய் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ரத்தம், நாப்கின், வயிற்றுவலி, எல்லாம் வந்தது. இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரத்தம் மாதத்தில் சில நாள்தான். இதுவோ ஏறக்குறைய தினமும் வருவது, பல வருடங்களுக்கு. அதைச் சொல்லாமல் எப்படி விடுகிறார்கள்? கோபமாக வருகிறது.

மார்ச் 11
வெள்ளையாக, கொஞ்சமாக. பிசுபிசுப்பு. விரலில் எடுத்து இழுத்தால் உடனே அறுந்துவிடுகிறது.

மார்ச் 13
சோப்பு. மறுபடியும் புதிது எடுத்து வைத்தேன்.

மார்ச் 14
அதிகமாகிவிட்டது. வெள்ளை நிறம் போய்த் தண்ணீராக இருக்கிறது. பீரியட்ஸ் வந்துவிட்டதோ என்று பதறி ஓடிப்போய்ப் பார்க்க வைக்கிற ஈரம்.

மார்ச் 16
இன்று நிறமே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல இழுத்தேன், முட்டையின் வெள்ளைக்கரு போல அறாமல் நீண்டுகொண்டே வந்தது. வழுக்குகிறது, வாடை இல்லை. அழகாக இருந்தது. இப்படி ஒன்றை அழகு என்று எழுதுவேன் என நினைத்ததில்லை, ஆனால் எழுதுகிறேன்.

இது கருப்பை வாயிலிருந்து வருகிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை நெருங்கும்போது அங்கே சுரக்கும் சளியில் நீர் கூடி, விந்தணு நீந்திப் போக வழி விடுகிறது. கருமுட்டை வெளிவந்தபின் அதற்கு 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ இந்தச் சளிக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். அதனால்தான் முட்டை வருவதற்கு முன்பே உடம்பு இதைத் தயார் செய்கிறது. மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1950களில் பெண்கள் சொன்ன இந்த மாற்றங்களைக் கேட்டுக் குறித்துத்தான் கருத்தரிக்கக்கூடிய நாட்களைக் கண்டுபிடிக்க ஒரு முறையையே உருவாக்கினார், அவர் மனைவி ஈவ்லினும் பிறகு அதில் சேர்ந்தார். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த வருடங்களில் எனக்கு இந்த நாள் வந்ததே இல்லை. அதில் இருக்கும் ஹார்மோன் சளியைக் கெட்டியாகவே வைத்திருக்கும்.

மார்ச் 18
போய்விட்டது. நேற்று அவ்வளவு இருந்தது, இன்று கெட்டியாக, துளியூண்டு. முட்டை வந்திருக்க வேண்டும். இனி அடுத்த ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் ராஜ்யம். கருப்பை வாயில் சளி இறுகி அடைத்துக்கொள்ளும்.

மார்ச் 19
பேசிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தோம். என்னுடைய கறுப்பு ஜட்டியை எடுத்து, நடுவில் சாயம் வெளுத்துச் செம்பட்டையாகிப்போன இடத்தைக் காட்டினேன். "இது எப்படி ஆச்சு தெரியுமா?" தெரியாது என்று தலையை ஆட்டினாள். பிறப்புறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இருக்கிறது, அது அமிலம் சுரந்து கெட்ட கிருமிகளை அண்டவிடாது, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கும், அந்த அமிலம்தான் துணியில் சாயத்தை வெளுக்க வைக்கிறது என்றேன். ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். "உங்களுக்கும் வருமாம்மா?" "எனக்கும் வரும், உன் டீச்சருக்கும் வரும்." அப்புறம் சோப்பு விஷயம். உள்ளே சோப்பு போகவே கூடாது, அந்த நல்ல பாக்டீரியா அழிந்துவிடும், வெளியே தண்ணீர் போதும், வாசனை ஸ்பிரே எதுவும் வேண்டாம் என்றேன். "ஆனா அது அழுக்குதானே?" இல்லை கண்ணு. அது கழுவிக்கொண்டு வருவது. பாதி நம்பினாள்.

மார்ச் 20
சோப்பு நேற்று இருந்த அளவிலேயே இருக்கிறது.

மார்ச் 23
அக்கா போன். மீன் வாடை, மெல்லிய சாம்பல் நிறக் கசிவு. பூஞ்சை மருந்தை அவளாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பூஞ்சை என்றால் கெட்டியாக, கட்டி கட்டியாக வரும், அரிப்பு தாங்காது, வாடை பெரிதாக இருக்காது. அவள் சொல்வது பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டுப்போனது போலத் தெரிகிறது, பூஞ்சை மருந்து அதைத் தொடவே தொடாது. போய்க் காட்டச் சொன்னேன். பச்சையாகவோ நுரைத்தோ வந்தாலும், அடிவயிறு வலித்தாலும், காய்ச்சல் இருந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளாதே என்றேன். 44 வயதிலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள்.

மார்ச் 26
எரிச்சல், எல்லார் மேலும். மார்பு கனக்கிறது. கசிவு வெள்ளையாக, மிகக் கொஞ்சம்.

மார்ச் 28
உள்ளாடையை இன்று கூடையின் மேலேயே போட்டிருந்தாள்.

மார்ச் 30
இடுப்பு வலிக்கிறது, நாளையோ மறுநாளோ வந்துவிடும். நாப்கின் வாங்க வேண்டும், அவள் பள்ளிப் பைக்கும் சேர்த்து. அக்கா இன்னும் டாக்டரிடம் போகவில்லை.