அந்த ஒரு “தெரியும்”

“அக்கா, நான் வராட்டி அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போயிடும், தெரியும்ல?” என்று கேட்டாள். “தெரியும்” என்றேன். பேச்சு அவ்வளவுதான். பத்து மாதமாகிறது. பினாங்கு பாயான் லெப்பாஸில் பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கும்போது இன்னும் சில நாள் அந்த “தெரியும்” என் குரலிலேயே காதில் விழுகிறது.

காலை ஷிப்ட், பசியாற உட்கார்ந்திருந்தோம். சின்னவனுக்கு அம்மா வந்திருக்கு, மாமியார் வாசலில் வேப்பிலை கட்டியிருக்காங்க, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் லைன் லீடர், அவள் என் லைனில் மைக்ராஸ்கோப் பார்ப்பவள். கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில், “நீ வீட்டுக்குப் போ, கிளினிக்கில் காட்டி லெட்டரோட வா” என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு 2019-ல் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். அவருடைய அக்கா கொடுத்தது. அதற்கு முன் நாலு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இப்போது காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை, கூடவே இன்னும் இரண்டு. அந்த மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்தால்தான் சிறுநீரகம் நிலைக்கும். அடக்கி வைத்த உடம்பில் சின்னம்மை ஏறினால் தோலோடு நிற்காது, நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே இல்லை. அந்தத் தடுப்பூசி இங்கே அரசாங்க அட்டவணையில் கிடையாது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அது உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த ஊசி என்பதால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாகப் போடவும் மாட்டார்கள். முன்பே போட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டோம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வாசலிலேயே உடுப்பை மாற்றிவிட்டு நேரே குளிக்கப் போகும் பழக்கம் வந்தது. எல்லாரும் விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. அதனால் அன்று நான் பயந்ததில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அடுத்த மாதம் கிளினிக் நாளில் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “உங்களுக்கு அம்மை வந்திருக்கா?” என்பதுதான். வந்திருக்கிறது. ஏழு வயதில், தோட்டத்து வீட்டில், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன், மூன்றாம் தண்ணி ஊற்றிய பிறகுதான் வெளியே விட்டார்கள். அப்படியானால் உங்கள் மூலமாக அவருக்குப் போக வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார். அவளுக்கும் ஐந்து வயதிலேயே வந்துவிட்டதாம், அவள் அம்மா பிறகு சொல்லியிருக்கிறார். ஆக, அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவருக்கு என்று நான் மனதில் போட்ட வழி உண்மையில் அங்கே இல்லை.

ஆனால் அன்று அவளுக்கு வந்திருந்ததா என்று யாருக்கும் தெரியாதே. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், ஒட்டியதிலிருந்து வெளியே தெரியப் பத்து நாளிலிருந்து 21 நாள்வரை ஆகலாம். எங்கள் லைனில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள், கர்ப்பிணிக்கு அது ஆபத்து. இதைத்தான் ஹெச்.ஆரிடம் காரணமாகச் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள். காரணம் சரியானதுதான். ஆனால் அவளைப் போகச் சொன்ன நிமிடத்தில் அந்தக் கர்ப்பிணியின் முகம் என் நினைவிலேயே இல்லை. வீட்டுக்காரர் முகம் மட்டும்தான் இருந்தது. கர்ப்பிணியைப் பற்றிய நினைப்பு ஹெச்.ஆர் அறைக்குப் போகும் வழியில்தான் வந்தது.

கிளினிக்கில் அவளுக்கு எம்.சி. (மருத்துவ லீவு லெட்டர்) தரவில்லை, அவளுக்குத்தான் நோய் இல்லையே. தனியார் வேலையில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதற்குச் சட்டப்படி தனி விடுப்பு கிடையாது. இருந்த இரண்டு நாள் வருடாந்திர லீவு போனது, மேலும் மூன்று நாள் சம்பளமில்லாமல், அப்புறம் அந்த அலவன்ஸ். கேட்டபோது இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை, தெரியும் என்றுதானே சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன். “என் வீட்டுக்காரர் நிலைமை இப்படி, எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லியிருக்கலாம். லைன் லீடராக நின்று சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவளால் பதில் பேச முடியாது.

டிசம்பரில் எனக்கு இருமல். அவருடைய கிளினிக் நாள்களுக்கே என் லீவு தீர்ந்திருந்தது. வீட்டில் ஹாலில் தனியாகப் படுத்தேன், மாஸ்க் போட்டுக்கொண்டு சமைத்தேன், அவர் தட்டைத் தனியாக வைத்தேன். வேலைக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். லைனில் இருக்கிறவர்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன நோய் என்று நான் ஒருத்தியையும் கேட்கவில்லை. அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன் தீபாவளி வந்தது. அவள் மகனுக்கு வழக்கமாகக் கவரில் பத்து வெள்ளி (ரிங்கிட்) வைப்பேன், அந்த முறை நூற்றைம்பது வைத்துக் கொடுத்தேன். போனது அந்த அளவுதான், அலவன்ஸ் மட்டும். மறுநாள் ரெஸ்ட் டைமில் என் லாக்கர் பக்கம் வந்து நூற்று நாற்பதை நீட்டினாள்.

“மறந்துபோய்க் கூட வெச்சிட்டீங்க போல, அக்கா.”

“ஆமா” என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.