நெட்டில வேட்டை மாளிகை: கொம்பு ஒட்டியாச்சு!

நெட்டில, அதாவது ஏரில வளர்ற செடியோட மெத்துனு இருக்கற வெள்ளைத் தண்டுல, நான் செஞ்சுக்கிட்டிருக்கற மாளிகை மாடல்ல ஒருவழியா ரெண்டு சிறகும் நடு பில்டிங்கோட இடைவெளியில்லாம ஒட்டி நிக்குது. தெரியாதவங்களுக்கு, இது ஹாலந்துல ஹோகே வேலுவே காட்டுக்குள்ள இருக்கற ஹூபெர்டஸ் வேட்டை மாளிகை, கப்பலும் இரும்புத்தாதுமா சம்பாதிச்ச ஆன்டன் க்ரோலர் ஆர்க்கிடெக்ட் பெர்லாகேவ வெச்சு 1915லேர்ந்து 1920 வரைக்கும் கட்டினது. கொம்புக்கு நடுவுல சிலுவையோட வந்த மானப் பாத்துட்டு வேட்டையவே விட்டாருன்னு கதை சொல்ற புனிதரோட பேர வேட்டை மாளிகைக்கு வெச்சிருக்காங்க பாருங்க, அதுக்குத் தோதா பிளானும் மான் கொம்பு மாதிரி விரிஞ்சு போகும்.

அந்த விரியற எடம்தான் உசிர வாங்கிடுச்சு. கோயில் கோபுரம்னா எல்லாம் சதுர மூலை, பழகின கை. இங்க சாய்வா சீவி சேக்கணும். கத்திய அழுத்தினா நெட்டி நசுங்கி ஓரம் உள்ள மடங்கிக்கும், அப்புறம் எழும்பவே எழும்பாது. பளிங்குக்கல்லு மேல வெச்சு, அழுத்தாம நீளமா இழுத்து இழுத்து சீவணும், நடுவுல கத்திய தீட்டிக்கிட்டே இருக்கணும். கடைசி மயிரிழைக்கு மரக்கட்டைய அதே கோணத்துல அறுத்து அதுல உப்புத்தாள் சுத்தித் தேய்ச்சேன். கருப்பு எமரி தாள் மட்டும் வேண்டாம், அந்தத் தூளு வெள்ளை நெட்டில ஏறினா போகவே போகாது. பசை ஒரு பக்கம் மட்டும், தீக்குச்சி நுனில. ஐப்பசி ஈரத்துல காயவே மாட்டேங்குது, டேபிள் லேம்ப் போட்டு வெச்சேன்.

நெட்டி கட்டு புதுக்கோட்டை பக்கத்துலேர்ந்துதான் வருது, மேல தடிச்ச தண்டு, உள்ள பூரா பென்சில் மொத்தம்! கேட்டா ஏரில தண்ணி இல்லங்கறாங்க. தஞ்சாவூர்ல நல்ல தண்டு கைவசம் இருக்கறவங்க சொல்லுங்கப்பா.

மாளிகையோட டவர் இன்னும் பாதிதான். நெஜத்துல 31 மீட்டர்கிட்ட, 1:100ல ஒரு அடி வந்துடும், அவ்ளோ நீளத்துக்குத் துண்டு துண்டா அடுக்கணும். பெர்லாகேவே 1919ல வேலைய விட்டுட்டுப் போயி வான் டி வெல்டேங்கற இன்னொரு ஆர்க்கிடெக்ட்தான் முடிச்சாரு, நான் மட்டும் என்ன அவசரப்படறது. முன்னாடி இருக்கற குளத்துக்குக் கண்ணாடி வெட்டி வாங்கி வெச்சுட்டேன்.

இதுக்கு நடுவுல பட்டுக்கோட்டை பக்கம் கடலோரத்துல இருக்கற மனோரா கோபுரம் மேல வேற கண்ணு போயிடுச்சு. சரபோஜி 1814ல கட்டினது, அறுகோணம், எட்டு மாடி. இந்த மரக்கட்டையவே 60 டிகிரிக்கு மாத்தி அறுத்தா போதும், நேத்தே ஒண்ணு அறுத்துட்டேன்.