உயர்தர சவுண்ட் கார்டு: தேர்வு ஹெட்போனிலிருந்து தொடங்கட்டும்

விளையாட்டுக்கும் இசைக்கும் ஒரே கணினியைப் பயன்படுத்துபவர் விலை உயர்ந்த சவுண்ட் கார்டு ஒன்றை வாங்க முடிவு செய்ததும், பெரும்பாலும் முதலில் ஒப்பிடுவது ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் டெசிபல் எண்ணைத்தான். அசூஸ் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் கார்டுக்கு 124, சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-7 கார்டுக்கு 127, ஏஇ-9 கார்டுக்கு 129 என்று அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் காதில் இருக்கும் ஹெட்போனை.

இதற்கான காரணம் எளிமையானது. 16 பிட் குறுந்தகட்டின் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 96 டெசிபல். அமைதியான அறையிலும் 30 டெசிபல் அளவுக்குப் பின்னணி ஒலி இருக்கும். அந்த அறையில் 120 டெசிபல் வீச்சை முழுமையாகக் கேட்க வேண்டுமானால் ஒலியை 150 டெசிபல் வரை உயர்த்த வேண்டும், அது செவியையே பாழாக்கிவிடும். ஆகவே 124-க்கும் 129-க்கும் உள்ள வேறுபாட்டை அளவுக்கருவி உணரலாம், காது உணராது. மதர்போர்டுகளில் பரவலாக இருக்கும் ரியல்டெக் ஏஎல்சி1220 சில்லுக்கே 120 டெசிபல் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அப்படியிருந்தும் சுட்டியை நகர்த்தும்போதோ, கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் இயங்கும்போதோ சில கணினிகளில் மெல்லிய கீச்சொலி கேட்கிறதென்றால், குறை பெரும்பாலும் சில்லில் இல்லை. அதைச் சுற்றியுள்ள மின்சுற்றிலும் தரையிணைப்பிலும் இருக்கிறது. நல்ல கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் இருப்பது இந்த இடத்தில்தான்.

இனி ஹெட்போனுக்கு வருவோம். சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொண்டால், அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம்; 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலிக்கும். ஒரு பெரிய வாத்தியக் குழுவின் உச்சங்கள் 110 டெசிபலைத் தொடும்போது ஒலி சிதையாமல் இருக்க ஏறத்தாழ 2.2 வோல்ட் வேண்டும். இதற்குச் செலவாகும் ஆற்றல் 17 மில்லிவாட்டுக்கும் குறைவு. ஆனால் அந்த வோல்ட் அளவைத் தரமுடியாத சாதாரண இணைப்பில் செருகினால், ஒலிக் கட்டுப்பாட்டை முழுவதும் திருகிய பிறகும் இசை உயிரற்றதாகவே இருக்கும். குறைந்த இம்பீடன்ஸும் குறைந்த உணர்திறனும் கொண்ட பிளானர் வகை (தட்டையான மெல்லிய சவ்வு முழுவதும் அதிர்ந்து ஒலிக்கும்) ஹெட்போன்களின் தேவை இதற்கு நேர்மாறானது. அவை வோல்ட்டை விட மின்னோட்டத்தை அதிகம் கேட்கின்றன. எனவே ஒரு கார்டு '600 ஓம் வரை இயக்கும்' என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்தான்.

மீதிப் பாதியைச் சொல்வது கார்டின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போன் இணைப்பில் கார்டுக்கே உள்ள தடை. அது ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டு விதி. எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் கார்டின் ஹெட்போன் வெளியீடு சுமார் 10 ஓம். 300 ஓம் ஹெட்போனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அதே வெளியீட்டில் ஒலியெழுப்பும் சிறு பகுதிகள் பல கொண்ட 16 ஓம் இயர்போனை இணைத்தால், அதன் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், ஒலியின் சமநிலையே மாறிவிடும். ஏஇ-9 போன்ற கார்டுகள் இதை 1 ஓம் அளவுக்குக் குறைத்திருப்பதை, அவற்றின் டெசிபல் எண்ணை விட முக்கியமான முன்னேற்றமாக நான் கருதுகிறேன்.

விளையாட்டைப் பொறுத்தவரை, கார்டின் பங்கு முன்பு இருந்ததைப் போல இன்று இல்லை. 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டின் இஎம்யு10கே1 சில்லும், அதற்குப் போட்டியாக ஆரியல் நிறுவனம் ஏ3டி என்ற முப்பரிமாண ஒலித் தொழில்நுட்பத்துடன் கொண்டுவந்த வோர்டெக்ஸ் 2 சில்லும், எதிரொலியையும் திசையையும் தாங்களே கணக்கிட்டன. அதே லைவ் கார்டு எல்லா ஒலியின் மாதிரி வீதத்தையும் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதை) 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியே வெளியிட்டதால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான இசையைக் கேட்பவர்களுக்கு அது குறையாகப்பட்டது. 2005-இல் வந்த எக்ஸ்-ஃபை கார்டில் விளையாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி இயக்கமுறைகளை வைத்தது சரியான தீர்வு. பின்னர் விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் ஒலிக்குப் பயன்படுத்திய டைரக்ட்சவுண்ட் என்ற மென்பொருள் அடுக்கின் வன்பொருள் முடுக்கத்தை, அதாவது ஒலிக்கணக்கைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதியை, நீக்கியது. இன்றைய விளையாட்டுகளில் ஒலிக்கணக்கைச் செய்வது பெரும்பாலும் பிராசஸரே. படக்காட்சியின் வேகம் கூடும் என்று எண்ணி யாரும் சவுண்ட் கார்டு வாங்க வேண்டியதில்லை.

ஹெட்போனில் எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை உணர்த்துவது, தலையும் காதுமடலும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பின்பற்றும் கணக்குமுறை. சில விளையாட்டுகளே இதைச் செய்கின்றன; டால்பி அட்மாஸ் ஃபார் ஹெட்போன்ஸும் விண்டோஸ் சோனிக்கும் செய்கின்றன; கார்டுடன் வரும் மென்பொருளும் செய்கிறது. இவற்றில் ஒன்றை மட்டுமே இயக்க வேண்டும். இரண்டு சேர்ந்தால் ஏற்கெனவே திசை கணக்கிடப்பட்ட ஒலி மறுபடியும் கணக்கிடப்பட்டு, முன்னும் பின்னும் பிரித்தறிய முடியாமல் குழம்பிவிடும். இசை கேட்கும்போது மூன்றையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் ஒலிப்பதிவுப் பொறியாளர் இடம்பிரித்து வைத்த இரண்டு தடங்களைக் கலைப்பதற்கு நமக்கு எந்தத் தேவையும் இல்லை. இந்த மாற்றத்தை ஒரே பொத்தானில் செய்ய முடிகிறதா என்பதை, இரண்டு வேலைக்கும் ஒரே கார்டை வாங்குபவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். வசாபி (விண்டோஸின் ஒலி இடைமுகம்), ஒரே செயலிக்குக் கார்டை ஒதுக்கும் முறையிலோ, ஏசியோ என்ற மாற்று டிரைவர் முறையிலோ இயங்கினால், இசை, எல்லா ஒலிகளையும் ஒன்றுசேர்க்கும் விண்டோஸின் கலவைப் பகுதியைத் தொடாமல் நேரே கார்டுக்குச் செல்லும். 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீத ஆதரவுக்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டாம், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதமே 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரையிலான ஒலியைத் தாங்கும், மனிதச் செவியின் எல்லையோ 20.

கணினிக்குள் பொருத்தும் கார்டா, வெளியே வைக்கும் யூஎஸ்பி கருவியா? ஆறு அல்லது எட்டு ஒலிபெருக்கிகளை அனலாக் கம்பிகளால் இணைத்திருப்பவருக்கு உள்ளே பொருத்தும் கார்டையே பரிந்துரைப்பேன். ஒளிவழி இணைக்கும் ஆப்டிகல் கம்பி சுருக்கப்படாத 5.1 (ஆறு தட) ஒலியைக் கொண்டுசெல்லாது. டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற சுருக்கமுறை கார்டில் இருந்தால்தான் விளையாட்டின் பலதட ஒலி அதன் வழியே போகும். உள்ளே பொருத்தும்போது கிராஃபிக்ஸ் கார்டின் விசிறியை மறைக்காத பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏஇ-9 கார்டுக்கு மின்வழங்கியிலிருந்து தனி 6 முனை இணைப்பும் தேவை.

ஹெட்போன் மட்டுமே பயன்படுத்துபவருக்கு வெளிக்கருவியே மேல் என்று நினைக்கிறேன். இரைச்சல் மிகுந்த கணினிப் பெட்டியை விட்டு அனலாக் சுற்று விலகியிருப்பது ஒரு காரணம், கருவியை விண்டோஸுடன் இணைக்கும் டிரைவர் மென்பொருள் மற்றொரு காரணம். ஆதரவு நின்றுபோன கார்டு எவ்வளவு சிறந்த சில்லைக் கொண்டிருந்தாலும் அடுத்த விண்டோஸ் பதிப்பில் முடங்கிப்போக வாய்ப்புண்டு. ஆனால் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 தரத்தைப் பின்பற்றும் கருவிக்கான டிரைவர் 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் விண்டோஸிலேயே இருக்கிறது. அதைத் தயாரித்த நிறுவனம் கைவிட்டாலும், திசை ஒலிக்கான துணை மென்பொருள் போகலாமே தவிர, பாடல் தொடர்ந்து ஒலிக்கும்.