ஒற்றைத் தோட்டாவும் என் இடது கையும்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது மச்சானிடமிருந்து மெசேஜ். "மாமா, பக்கத்து வீட்டுக் கிழவர் முட்டி வலின்னு வேட்டையை விட்டுட்டார். அந்த சிங்கிள் ஷாட் துப்பாக்கியை விக்கிறாராம். வாங்கட்டுமா?"

மச்சான் என் மனைவியின் தம்பி. நியூசிலாந்தின் தென்தீவில் எட்டு வருடமாக இருக்கிறான். குளிர்பெட்டி நிறைய மான்கறி. நமக்கோ துப்பாக்கி என்றால் தேசிய சேவை (என்எஸ்) முகாம் மட்டும்தான். சுடும் ரேஞ்சில் ஒரு எம்டி கேஸ், அதாவது வெற்றுத் தோட்டா உறை, குறைந்தால்கூட மொத்தப் பேரும் புல்லுக்குள் குனிந்து தேடிய தலைமுறை நான். போன ஏப்ரலில் அவன் என்னை மலைக்குக் கூப்பிட்டபோது, கையில் துப்பாக்கியைக் கொடுப்பான் என்று நினைக்கவே இல்லை. அங்கே லைசென்ஸ் இல்லாதவரும் சுடலாம். ஆனால் லைசென்ஸ்காரர் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் கையில் வேறு துப்பாக்கி இருக்கக் கூடாது. ஆக இரண்டு பேருக்கு ஒரே துப்பாக்கி. எதை எடுப்பது?

மச்சானிடம் இருந்தது டிக்கா. போல்ட் ரகம், அதாவது பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், மூன்று தோட்டா. கிழவர் இரவல் கொடுத்தது அந்த சிங்கிள் ஷாட், ருகர் நம்பர் 1. அதில் மேகசினே கிடையாது. ட்ரிகரைச் சுற்றியிருக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு கட்டை இறங்கி வழி விடும். ஒரு தோட்டாவைக் கையால் வைத்து மூட வேண்டும், அவ்வளவுதான்.

நான் இடதுகைக்காரன். என்எஸ்ஸில் எஸ்ஏஆர் 21 ரைபிளை வலது தோளில் வைத்தே சுட வேண்டியிருந்தது. இடது தோளில் வைத்தால் வெற்று உறை வெளிவரும் துளை முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு வருடம் வலது கண்ணை நம்பிக் குறி பார்த்தும் மார்க்ஸ்மேன் பேட்ஜ் கடைசி வரை கிடைக்கவில்லை. டிக்காவின் போல்ட் கைப்பிடியும் வலப் பக்கம்தான். கிழவரின் துப்பாக்கிக்கோ இடம் வலம் இல்லை. தோளில் வைத்ததும் 'அட, இது எனக்குச் செய்தது' என்றிருந்தது. போல்ட் நகர இடம் தேவையில்லாததால், அதே நீளக் குழலுக்கு மொத்த நீளம் அரைச் சாண் அளவுக்குக் குறைவு. வேலி தாண்டும்போது நெம்புகோலை இறக்கினால் உள்ளே காலி என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். முகாமில் வளர்ந்தவனுக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டாம் நாள் காலை, சுமார் நூற்றைம்பது மீட்டரில் ஒரு பெண்மான். சுட்டேன். குண்டு நெஞ்சில் படாமல் அதற்குப் பின்னால் வயிற்றில் பட்டுவிட்டது. மான் ஓடவில்லை, முதுகைக் கூன் போட்டுக்கொண்டு நின்றது. நெம்புகோலை இழுத்தேன், உறை தெறித்தது. அடுத்த தோட்டா ஜாக்கெட் பையில். விரல்கள் மரத்திருந்தன. எடுத்தது நழுவிப் புல்புதருக்குள் விழுந்தது. இன்னொன்றைத் தேடி எடுத்து வைத்து நிமிர்ந்தால் மானைக் காணோம், மேட்டைத் தாண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். கடைசியில் மச்சான் துப்பாக்கியை வாங்கி முடித்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிழவர் என்றால் அடுத்த தோட்டாவை விரலிடுக்கிலேயே வைத்திருப்பார், மூன்று நான்கு விநாடியில் மறுபடி தயார். நாற்பது வருடப் பழக்கம். ஒரே தோட்டா இருந்தால் பொறுப்பு தானாக வரும் என்று அவரைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டு நானும் தலையாட்டியவன்தான். எனக்கு வந்த பொறுப்பு முதல் தோட்டாவோடு தீர்ந்துபோனது, மான் அப்புறமும் நின்றுகொண்டிருந்தது.

போல்ட் என்றால் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமல், கண்ணை மானிலிருந்து எடுக்காமல் இரண்டாவது தோட்டாவை ஏற்றலாம். தானாகவே ஏற்றிக்கொள்ளும் ரகங்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதலுக்குப் பிறகு 2019-இல் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள்.

நம்மூரிலேயே 1902-இல் ராபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் புலி புகுந்த கதை தெரியுமல்லவா? காட்சிக்கூடாரத்திலிருந்து தப்பி வந்த புலி. ராபிள்ஸ் கல்வி நிலையத் தலைமையாசிரியர் பிலிப்ஸைக் கூட்டிவந்து சுடச் சொன்னார்கள். அவருக்கும் முதலில் சுட்டவை குறி தவறின. அந்த இருட்டில் தோட்டாவைக் கீழே போட்டுவிட்டுத் தடவிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதெல்லாம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தோன்றுகிறது.

மீன்காரர் பையை நீட்டினார். மச்சானுக்கு பதில் போட்டேன்: "வாங்காதே. இடதுகை போல்ட் வச்ச டிக்கா கடையில இருக்கான்னு பாரு." மதிய வெயிலில் வேர்த்துக் கொட்ட ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்தேன். எம்ஆர்டி வாசல் வருவதற்குள் இன்னொரு மெசேஜும் அனுப்பியிருந்தேன். கிழவர் என்ன விலை சொல்கிறார் என்று.