ஒரே மிஷின், ரெண்டு சம்பளம்

2018-ல் நடைமுறைக்கு வந்த ஐஸ்லாந்து சட்டம், 25 பேரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம மதிப்புள்ள வேலைக்குச் சம சம்பளம் தருவதாகச் சான்றிதழ் வாங்கச் சொன்னது. திருவொற்றியூர், மணலி பக்கம் ஹெச்.ஆரில் இருப்பவர்களும் தங்கள் கம்பெனிச் சம்பளத்தை அந்த வழியில் சோதிக்கலாம்.

ஆளைப் பார்க்காமல் வேலைக்கு மார்க் போடுங்கள்: திறமை, பொறுப்பு, உழைப்பு, சூழல். மார்க் ஒத்துப்போகும் வேலைகளின் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பேசிக் மட்டும் பார்த்தால் ஏமாந்தீர்கள். வித்தியாசம் ஒளிந்திருப்பது அலவன்ஸிலும் இன்சென்டிவிலும்தான்.

பதவிப் பெயர் இன்னொரு தில்லாலங்கடி. சீலிங் மிஷினில் ஆண் 'ஆபரேட்டர்', அதே மிஷினில் பெண் 'ஹெல்பர்'! மூட்டை தூக்குவதற்கு மார்க்கை அள்ளிக் கொடுத்து, ஷிப்ட் முழுக்க நின்று கண் நோகச் செய்யும் செக்கிங் வேலைக்குக் கிள்ளிக் கொடுத்தால் அங்கேயே கணக்கு கோணிவிடும். சீனியாரிட்டிதான் காரணம் என்றால் சேர்ந்த தேதியைக் காட்டணும்.

வித்தியாசம் இருந்தால் குறைந்ததை ஏற்றுங்கள். கூடுதலாக வாங்குபவரின் சம்பளத்தை வெட்டிச் சமன்செய்வதை நம் நாட்டின் 1976 சம ஊதியச் சட்டமே தடுத்தது; அதன் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது.