பாயிண்ட் விழுந்ததும் நின்றுவிடுகிற கை

எட்டு வருடமாகக் கராத்தே, அதில் கடைசி ஐந்து வருடம் பெரும்பாலும் குமிதேதான், அதாவது இருவர் மோதிப் பாயிண்ட் எடுக்கும் போட்டிச் சண்டை. மூன்று மாதத்துக்கு முன் நானும் கூடப் பயிற்சி செய்யும் நண்பரும் ஒரு முடிவு எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போட்டி விதிகள் கிடையாது, கராத்தே உடுப்பும் கிடையாது. பேன்ட், சட்டை, செருப்போடு மொட்டை மாடியில் செய்து பார்ப்பது.

முதல் வாரம் அவர் என் காலரைப் பிடித்துத் தள்ளினார். அவர் வயிற்றில் என் கியாகு சுகி (பின்கைக் குத்து) சுத்தமாக இறங்கியது. இறங்கிய நொடியிலேயே என் கை இடுப்புக்குத் திரும்பி, கால் அரை அடி பின்னால் போய்விட்டது, ஏனென்றால் அடித்துவிட்டுக் கையை இழுக்காவிட்டால் நடுவர் பாயிண்ட் தரமாட்டார் என்று உடம்புக்குத் தெரியும். அவர் காலரை விடவே இல்லை, அப்படியே சுவரில் சாத்திவிட்டார். மூன்று முறையும் இதேதான்.

குமிதேயில் குத்துக்கு 1, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. நடுவர் ‘யாமே’ என்றதும் எல்லாம் நின்றுவிடும். முகத்தில் பலமாக அடித்தால் அது விதிமீறல். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் கனரக எடைப்பிரிவு இறுதியில் சவுதியின் தாரிக் ஹமிதி உதைத்ததில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். தங்கம் விழுந்தவருக்குத்தான் போனது. அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் பத்து வயதுப் பிள்ளையை எந்த அம்மா போட்டிக்கு அனுப்புவார்? ஆனால் அதே விதி என் கைக்குள்ளும் இருக்கிறது என்பது மாடியில்தான் தெரிந்தது.

ஐந்தாவது வாரம் கத்தி. மர ஸ்கேலின் ஓரத்தில் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டோம், நான் வெள்ளை பனியன். மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பும் முறை, அவர் மெதுவாக வந்தபோது பத்துக்குப் பத்து சரியாக வந்தது. அப்புறம் இஷ்டப்படி குத்தச் சொன்னேன். குத்திய வேகத்திலேயே இழுத்துக்கொண்டு மறுபடி குத்துகிறார். இருபதில் இரண்டு முறைதான் மணிக்கட்டு கையில் சிக்கியது, முன்கை இரண்டும் வயிறும் சிவப்பு. அன்றோடு அந்தப் பிடியை விட்டுவிட்டேன். இப்போது தள்ளிவிட்டு மாடிக் கதவுக்கு ஓடுவதைத்தான் பழகுகிறோம், ஓட்டத்தையும் சேர்த்து, ஒவ்வொரு முறையும்.

அதற்காகப் போட்டி வீண் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். தற்காப்பு வகுப்பு மட்டுமே போன ஒருவர் ஒரு வாரம் வந்தார். என்னைவிட அதிகம் பிடிகள் தெரியும், ஆனால் நான் திமிறிய உடனே கை அப்படியே நின்றுவிட்டது, அங்கே அவரை யாரும் எதிர்த்ததே இல்லையாம். குத்து வரும்போது கண்ணை மூடாமல் இருப்பதும், தோள் அசைவதை வைத்தே அடி எங்கே வரும் என்று பிடிப்பதும் எனக்குக் குமிதே கொடுத்தவை. மாடியில் என்னைக் காப்பாற்றியதும் அவைதான்.

பன்னிரண்டாவது வாரம்: இடது கையால் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் விடும்வரை அடியை நிறுத்தாமல் இருக்க முடிகிறது, பத்தில் ஏழு முறை. இதே பழக்கத்தில் செவ்வாய்க்கிழமை குமிதேயில் எதிராளியின் கையைப் பிடித்து எச்சரிக்கை வாங்கினேன். இரண்டையும் பிரித்து வைக்க இன்னும் வரவில்லை. அடுத்த நான்கு வாரம் மாடிப்படியில், விளக்கை அணைத்துவிட்டுச் செய்யப்போகிறோம்.