ஓடாத காரின் பெல்ட்

ஜெர்மனியில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு சிறிய பணிமனையில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவற்றில் போர்ஷே 944 வகை அதிகம். 1982 முதல் 1991 வரை, பெரும்பாலும் நெக்கார்சுல்ம் ஆலையில் உருவான கார் அது. அதைக் கொண்டுவருபவர்கள் முதலில் காட்டுவது ஓடோமீட்டரைத்தான். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு குறைவாகவே ஓடியிருக்கிறது என்று பெருமையோடு சொல்வார்கள். என்னைக் கவலைப்படுத்துவது அதே எண்தான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் இணைக்கும் டைமிங் பெல்ட்டைப் பொறுத்தவரை, ஓடிய தூரத்தைவிட கடந்த காலமே பெரிய எதிரி என்பதை இந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பெல்ட்டின் உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ரப்பர், அதில் வார்த்த பற்கள். கார் நின்றிருந்தாலும் ரப்பர் மெல்ல இறுகி, நெகிழ்வை இழக்கிறது. பல ஆண்டுகள் ஒரே வளைவில் அழுந்திக் கிடந்த பெல்ட், ஒருநாள் குளிர்ந்த என்ஜினோடு சேர்ந்து திடீரென்று இழுக்கப்படும்போது, பற்களின் அடிப்பகுதியில் விரிசல் விடுகிறது. வெளிப்பக்கம் அப்போதும் கறுப்பாக, வழவழப்பாக, புதியதைப் போலவே இருக்கும். மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘பெல்ட் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதே இல்லை. மாற்றிய தேதி எழுதிய ரசீது இருந்தால் அதை நம்பலாம். தோற்றத்தை நம்ப முடியாது.

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற ஒரு 944-ஐ அதன் உரிமையாளர் ஒரு வசந்த காலத்தில் வெளியே எடுத்தார். என்ஜின் உடனே கிளம்பியிருக்கிறது, சில தெருக்கள் தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டது. இழுவை வண்டியில் எங்களிடம் வந்தபோது ஸ்டார்ட்டரைத் திருப்பினால் என்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, தடையில்லாமல் சுழன்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே சிலிண்டர்களில் அழுத்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் பெல்ட் அறுந்திருக்கவில்லை. கிராங்க்ஷாஃப்ட்டின் சிறிய பல்சக்கரம் பிடித்திருந்த இடத்தில் மட்டும் பற்கள் மழிந்துபோயிருந்தன. கேம்ஷாஃப்ட் நின்றுவிட, பிஸ்டன்கள் மேலே வந்துகொண்டே இருந்திருக்கின்றன. இந்த என்ஜினில் முழுதாகத் திறந்த வால்வுக்கும் மேலே வரும் பிஸ்டனுக்கும் ஒரே இடம்தான். கேம்ஷாஃப்ட் நின்ற கணத்தில் எந்த வால்வுகள் திறந்திருந்தனவோ அவை வளைந்துவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலைகளில் பிறை வடிவத் தழும்புகள் இருந்தன. பெல்ட் மாற்றும் செலவோடு ஒப்பிடவே முடியாத தொகையை அவர் கட்ட வேண்டியிருந்தது.

944-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. 2.5 லிட்டர் கொள்ளளவுக்கு நான்கே சிலிண்டர்கள் என்பதால், அதிர்வைக் குறைக்க மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்று இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்கள் வைத்தார்கள். என்ஜினைப் போல இருமடங்கு வேகத்தில் அவை சுழல, தனியாக ஒரு பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் என்ஜின் அதிரும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அதன் துணுக்குகள் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் முடிவு ஒன்றுதான். ஆகவே ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடும்படி கேட்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. வாட்டர் பம்ப்பும் அப்படியே. டைமிங் பெல்ட்டின் முதுகுப்பக்கம்தான் அதைச் சுழற்றுகிறது. அதன் பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் தேய்ந்து கருகும். முன்பக்க ஆயில் சீல்கள் கசிந்தால், எண்ணெய் ஊறி ரப்பர் கெட்டுவிடும். எங்கள் பணிமனையில் பெல்ட்கள், அவற்றைத் தாங்கும் ரோலர்கள், சீல்கள் எல்லாவற்றையும் ஒரே வேலையாகவே முடிக்கிறோம். பம்ப்பின் வயது தெரியாவிட்டால் அதையும் மாற்றுகிறோம்.

இந்த வேலையில் நான் மிகுந்த கவனம் செலுத்துவது பெல்ட்டின் டென்ஷனில், அதாவது அதை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதில்தான். என்ஜின் சூடானால் அலுமினியம் விரிந்து பெல்ட் மேலும் இறுகும். அதனால் குளிர்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். தளர்ந்திருந்தால் பல் தாவும், அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப்பின் பேரிங்கும் ரோலர்களும் சீக்கிரம் போய்விடும். விரலால் முறுக்கிப் பார்த்து முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதற்குரிய கருவியையே பயன்படுத்துகிறேன். புதிய பெல்ட் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் சற்றே நீளும் என்பதால் மறுபடி அளக்க வரச் சொல்கிறோம். 1987 மாடலிலிருந்து வந்த ஸ்பிரிங் டென்ஷனர் சரியான இழுவையில் பொருத்துவதை எளிதாக்கியது. ஆனால் நட்டை இறுக்கியபின் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. இது தெரியாமல், தங்கள் வண்டிக்கு மறு அளவீடு தேவையில்லை என்று பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள்.

பழைய காரை வாங்க வருபவர்கள் ‘ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டுங்கள்’ என்று கேட்பது இயல்பு. பெல்ட் மாற்றிய பதிவு இல்லாத வண்டியென்றால் நான் சாவியைத் திருப்புவதில்லை. மூடியைக் கழற்றி, கிராங்க்ஷாஃப்ட் போல்ட்டில் சாக்கெட் போட்டு, கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட் இரண்டின் குறிகளும் சரியான இடத்தில் பொருந்துகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். பொருந்தினாலும் பெல்ட்டை மாற்றிய பிறகுதான் என்ஜின் சத்தத்தை அவர்கள் கேட்கலாம்.